சனிக்கிழமை திரும்பக் கிடைத்திருக்கிறது: பறவையும் கடைகண்ணியும் ஒரே காலையில்

2022 ஜனவரி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் கொரோனாவுக்காக முழு ஊரடங்கு. ஞாயிறு சமைக்க வேண்டிய மீன், திங்கள் வரை தாங்க வேண்டிய காய்கறி, அப்பாவின் மாத்திரை என்று எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும். ஊருக்கே அதே நிலைமை என்பதால் மீன் கடையில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. இடைவெளி விட்டு நிற்க வட்டம் போட்டிருப்பார்கள். ஒரு வட்டத்துக்குள் நான்கு பேர் நிற்பார்கள்.

28-ஆம் தேதி முதல் இரவு ஊரடங்கு விலக்கப்பட்டது. 30-ஆம் தேதி ஞாயிறு வழக்கம்போலத் திறந்திருந்தது. பிப்ரவரி 1 முதல் பள்ளிகளும் திறந்துவிட்டன. பிப்ரவரி 5, சனிக்கிழமை அன்று, அதே மீன் கடையில் எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் நின்றார்கள். ஞாயிறு திறந்ததில் பெரிய லாபம் சனிக்கிழமைக்குத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த நிலைமை எத்தனை வாரம் நீடிக்குமோ என்று அப்போது தெரியவில்லை. அப்படிக் கிடைத்த சனிக்கிழமையை எப்படிச் செலவிடலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தென்சென்னையில் குடியிருப்பவர், கையில் ஒரு இருசக்கர வண்டி, வீட்டில் ஒரு பெரியவர், பாக்கி வேலைகளின் நீண்ட பட்டியல், பறவை பார்க்கும் கொஞ்சம் ஆசை. இப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் நான் சொல்லப்போகும் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்துக்குப் பதிலாகத் தங்கள் ஊர் ஏரியை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கடிகாரங்கள்

பறவை பார்க்கப் போனால் வீட்டு வேலை கெடும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. நேரத்தைக் குறித்துப் பார்த்தால் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.34. அதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் பறவைகளின் சுறுசுறுப்பான வேளை. ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே காற்று சூடாகி நெளியத் தொடங்கும். தூரத்து வாத்துகள் எல்லாம் அந்தக் கானலில் கரைந்து ஒரே நிறமாகிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலராக இருந்தாலும் அதற்கு மேல் பயனில்லை.

மனிதர்களின் கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. சுகாதார நிலையம் ஒன்பது மணிக்கு, வங்கி பத்து மணிக்கு, தையல் கடை அதற்கும் பிறகு. விடியலிலிருந்து எட்டரை வரை நகரத்தில் எந்த வேலையும் நடக்காது. பால் வாங்கலாம், டீ குடிக்கலாம், அவ்வளவுதான். இந்த இடைவெளியை நாம் இத்தனை நாளும் தூங்கிக் கழித்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை இரவு

முதல் வேலை பட்டியல். எல்லோரும் அவசரத்தின் வரிசையில் எழுதுவார்கள். நான் நாற்றத்தின் வரிசையில் எழுதச் சொல்வேன். முதலில் காகித வேலைகள் (தடுப்பூசி, வங்கி), அடுத்து உலர்ந்த பொருட்கள் (ரேஷன், மருந்து), அடுத்து காய்கறி, கடைசியில் மீன்.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டணம் செலுத்தியிருக்கிறேன். ஜனவரி 29 அன்று, கூட்டம் வருவதற்கு முன் வாங்கிவிடலாம் என்று அதிகாலையிலேயே அரைக் கிலோ சங்கரா வாங்கி, வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு ஏரிக்குப் போனேன். வாத்துகளைப் பார்த்ததில் மீன் மறந்துபோனது. பத்து மணிக்கு இருக்கையைத் தூக்கியபோது, சற்றுத் தள்ளி நின்ற நாய் எழுந்து வந்தது. அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழில் இன்னும் அந்த மணம் இருக்கிறது.

இரண்டாவது, பைனாகுலர். 2020 மார்ச் மாதம் பீரோவுக்குள் போனதை இப்போதுதான் வெளியே எடுக்கிறீர்கள் என்றால், கண்ணில் வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய கண்ணாடிப் பக்கம் வழியாக விளக்கை நோக்கித் திருப்பிப் பாருங்கள். வெள்ளை நூல் பின்னியதுபோலவோ சிலந்தி வலைபோலவோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஈரப்பதத்தில் மூடிய தோல் உறைக்குள் வைத்தால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளிக் கண்ணாடியில் படிந்த தூசு என்றால் முதலில் ஊதி, பிறகு மெல்லிய துணியால் துடைத்தால் போகும். உள்ளே என்றால் நீங்களே திறக்காதீர்கள். இரண்டு குழல்களும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டவை. மயிரிழை விலகினாலும் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே வழி. அதன் பிறகு உறையில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருங்கள். அரிசிக்குள் புதைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிசி மாவுத் தூசு கண்ணாடிக்குப் பகை.

புதிதாக வாங்குபவர்களுக்கு 8×42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இருபது மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அதே மடங்கில் பெருகும். பைனாகுலரே இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்க்க வெறும் கண் போதும்.

பைக்குள் வைக்க வேண்டியவை: சிறு நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வீட்டுப் பெரியவரின் ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு துணிப்பைகள், மீனுக்குத் தனியாக ஒரு மூடி போட்ட டப்பா. மாற்று முகக்கவசம் ஒன்று. ஏன் மாற்று என்பது கீழே வருகிறது.

விடியற்காலை: பெரும்பாக்கம்

ஆறு மணிக்குக் கிளம்பினால் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்திலிருந்து உதயத்துக்கு முன்பே போய்ச் சேரலாம். சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையை ஒட்டியே இந்தச் சதுப்பு நிலம் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளையும் தனித்தனியாக நினைக்க வேண்டாம். தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இந்தத் தாழ்நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. நாம் வரைபடத்தில் போட்ட பெயர்ப் பலகைகள் பறவைகளுக்குத் தெரியாது. காலையில் பெரும்பாக்கத்தில் மேய்ந்த கூட்டம் மாலையில் துரைப்பாக்கம் பக்கம் நிற்கும்.

துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறு அடி சாலை சதுப்பின் குறுக்கே போகிறது. அங்கேயும் பறவைகள் நன்றாகத் தெரியும். ஆனாலும் புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. லாரிகள் பறக்கும் சாலையோரத்தில், கண்ணில் பைனாகுலரோடு, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நிற்பது நல்ல பழக்கம் அல்ல. எங்கே நின்றாலும் வண்டியைச் சாலையை விட்டு முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் காகம்தான்.

இப்போது முகக்கவசம். அந்தப் பிப்ரவரியில், பொது இடத்தில் அணியாவிட்டால் அபராதம் என்பது இன்னும் நடப்பில் இருந்தது. 2022 ஜனவரியில் அதை 200 ரூபாயிலிருந்து 500 ஆக உயர்த்தியிருந்தார்கள். யாரும் இல்லாத ஏரிக்கரையில் எதற்கு என்று கேட்கலாம். பெருங்குடிக் குப்பை மேட்டிலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது நீங்களே கேட்டு வாங்கி அணிந்துகொள்வீர்கள். சிக்கல் என்னவென்றால், மூச்சுக்காற்று மேலே ஏறி முதலில் மூக்குக்கண்ணாடியிலும் பிறகு பைனாகுலரின் கண்பக்கக் கண்ணாடியிலும் பனிபோலப் படியும். இரண்டு வருடமாக இதோடு மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்த வழி: மூக்குக் கம்பி உள்ள முகக்கவசத்தை எடுத்து, கம்பியை இரண்டு விரலாலும் மூக்கின் வளைவுக்கு அழுத்தி, அதற்கு மேல் மூக்குக்கண்ணாடியை அமர்த்துங்கள். கண்ணாடி அணிபவர்கள் பைனாகுலரின் ரப்பர் கண்வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். அப்படியும் படிந்தால், மூச்சை வெளியே விட்டுவிட்டுப் பிறகு கண்ணில் வையுங்கள். பனியில் நனைந்த முகக்கவசம் காற்றை விடாது, அதனால்தான் மாற்று ஒன்று.

எப்படிப் பார்ப்பது

வந்ததும் பைனாகுலரைத் தூக்காதீர்கள். ஐந்து நிமிடம் வெறும் கண்ணால் நீர்ப்பரப்பைப் பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே தண்ணீர் ஆழம், எங்கே மண்திட்டு என்பது பிடிபட வேண்டும். 2022-இல் அது முக்கியமாக இருந்தது. 2021 நவம்பரில் மட்டும் சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, டிசம்பர் கடைசியில் எதிர்பாராமல் இன்னொரு பெருமழை. அதனால் பிப்ரவரியிலும் தண்ணீர் ஆழமாக நின்றது. நீந்துகிற பறவைகளுக்கு இது கொண்டாட்டம், காலால் நடந்து மேய்கிற உள்ளான் வகைகளுக்கு இடம் குறைவு. எனவே சேற்றுத் திட்டு எங்கேயாவது தலைகாட்டினால் அங்கேயே கவனத்தை வையுங்கள். பரந்த ஏரியில் கிடைக்காத உள்ளான்கள் அத்தனையும் அந்த ஒரு திண்ணையில் நெருக்கியடித்து நிற்கும்.

பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள். தோணிபோல மிதந்து, கீழே பை தொங்கும் நீண்ட அலகோடு வருவது கூழைக்கடா. அழுக்கு வெள்ளை உடலும், மூடினாலும் நடுவில் இடுக்கு விட்டு நிற்கும் அலகுமாக இருப்பது நத்தைகுத்தி நாரை. இடுக்கு குறைபாடு அல்ல, நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுக்க வசதியான கருவி. குஞ்சுகளுக்கு அந்த இடுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய சிறகோடு மஞ்சள் அலகு என்றால் சங்குவளை நாரை. அலகை இடமும் வலமும் வீசித் துழாவிக்கொண்டே நடப்பது கரண்டிவாயன். பூநாரைகள் தெரிந்தால் கழுத்தைப் பாருங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைச் சலித்து உண்ணும் பறவை அது. தேங்காய்ப்பால் பிழியும் வடிகட்டிபோல அலகின் ஓரத்தில் சல்லடை அமைப்பு இருக்கிறது.

அடுத்து மிதப்பவை. கறுப்பு உடல், நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. எண்ணிக்கையில் அதிகம் இருப்பதால் நாம் அலட்சியமாகக் கடந்துபோவோம். ஆனால் ஏரியின் காவல்காரர்கள் அவைதான். பரவலாக மேய்ந்த நாமக்கோழிகள் திடீரென்று நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகச் சேர்ந்தால், உடனே மேலே பாருங்கள். நாணலை உரசியபடி, சிறகை ‘வி’ போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுப் பூனைப்பருந்து வந்துகொண்டிருக்கும். பிப்ரவரி 5 அன்று காலை ஏழேகாலுக்கு இப்படித்தான் நடந்தது. அரை நிமிடத்தில் ஏரி முழுவதும் எழும்பி, சுற்றி, மீண்டும் அமர்ந்தது. அன்றைக்கு நான் பார்த்த வாத்து வகைகளில் பாதி, அவை பறந்தபோது தெரிந்தவைதான்.

வாத்துகளில் மூன்றைக் கற்றுக்கொண்டால் பிப்ரவரிக்குப் போதும். கத்தியால் கோடு போட்டதுபோல கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் என்றால் ஆண் நீலச்சிறகு கிளுவை. கூர்ந்து நீண்ட வால், மெல்லிய கழுத்து என்றால் ஊசிவால் வாத்து. முகத்தைவிட அலகு பெரிதாக, மண்வெட்டிபோல் இருந்தால் தட்டைவாயன். மூன்றும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். வெயில் ஏற ஏறக் கிளம்பத் தொடங்கி, ஏப்ரலில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். புள்ளிமூக்கு வாத்து உள்ளூர்க்காரர், எப்போதும் இருப்பவர். பெண் வாத்துகளைப் பார்த்துக் குழம்பினால் மனம் தளராதீர்கள். பத்து வருடம் பார்ப்பவர்களும் அவற்றை ‘வாத்து’ என்று மட்டும் குறித்துக்கொண்டு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தாமரை, ஆகாயத்தாமரை இலைகள் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியை வாலை வைத்துத் தேடாதீர்கள். நீள வால் இனப்பெருக்கக் காலத்து அலங்காரம், பிப்ரவரியில் இருக்காது. அந்த மாதத்தில் அது கழுத்தோரம் மங்கலான மஞ்சளோடு, பழுப்பாக, சாதாரணமாக நடமாடும். கால் விரல்களின் நீளம்தான் அடையாளம்.

எண்ணுவதற்கு: பெரிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த அளவை ஏரி முழுவதும் நகர்த்திக்கொண்டே போங்கள். ‘நிறைய’ என்று நோட்டில் எழுதாதீர்கள். 300 என்று எழுதினால் அடுத்த வருடம் ஒப்பிட முடியும்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூழைக்கடாவுக்கு முறுக்கு போடாதீர்கள். இரண்டையும் செய்பவர்களைப் பார்த்தால் கோபப்படாமல் ஒருமுறை பைனாகுலரை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை மூன்று பேரிடம் பலித்திருக்கிறது.

கரையில் கழிப்பறை கிடையாது. பெட்ரோல் பங்க்கை வழியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிற பெண்கள் நடமாட்டம் உள்ள சாலைப் பக்கமே நிற்பது நல்லது, நாய்களும் அங்கே குறைவு.

எட்டே காலுக்குக் கிளம்பிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்ற ஆசைதான் மொத்தக் காலையையும் கெடுக்கும்.

காத்திருப்பதும் பறவை பார்ப்பதுதான்

வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்பாவை அழைத்துக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பூஸ்டர் என்று நாம் சொல்லும் முன்னெச்சரிக்கைத் தவணை 2022 ஜனவரி 10 முதல் போடப்பட்டது. சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கும், இணை நோய் உள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்கும். இரண்டாம் தவணை போட்டு ஒன்பது மாதம், அதாவது 39 வாரம், ஆகியிருக்க வேண்டியிருந்தது. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு தவணைக்குக் கொடுத்த அதே கைப்பேசி எண் கையில் இருந்தால் போதுமாக இருந்தது. மெகா தடுப்பூசி முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. ஊசி போட்டால் அசைவமும் மதுவும் கூடாது என்று நம்பி ஞாயிறு வராமல் இருப்பவர்களுக்காகப் பிறகு சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டின் ஞாயிற்றுக்கிழமையைப் புரிந்துகொண்டு எடுத்த முடிவு.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள். நீங்கள் நோட்டை எடுங்கள். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில், ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் ஒரு பட்டியலாகப் பதியலாம். அரை மணி நேரம் என்பது இரண்டு பட்டியல்.

சுகாதார நிலையத்து மர பெஞ்சில் என்ன இருக்கப்போகிறது என்று நானும் நினைத்தேன். வேப்ப மரத்திலிருந்து கன்னான் பட்டறைபோல டொங்க், டொங்க் என்று ஒரே சீராக ஒலி. செம்மார்புக் குக்குறுவான். வெயில் கூடக்கூட இதன் குரலும் கூடும். காகம், மாடப்புறா, மைனா, பச்சைக்கிளி, மேலே வட்டமிடும் கரும்பருந்து. அப்பா கம்பியைக் காட்டி, அது கரிச்சான்தானே என்றார். இரட்டைவால் குருவி என்று நான் நோட்டில் எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான். ஊரில் பருந்தையே துரத்தி அடிக்கும் என்பதால் அதற்கு வலியன் என்றும் பெயர் என்று சொல்லிவிட்டு, ஊசி போட்ட கையைத் தடவியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பறவைகளைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பட்டியலிலும் சேர்த்துப் பதினொரு வகை.

அங்கிருந்து வங்கி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய கடைசி நாள் அந்த முறை 2022 பிப்ரவரி 28 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நவம்பரிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். நீங்களும் அப்படித்தான் என்றால் நாட்காட்டியைக் கவனியுங்கள். அந்த மாதம் 12-ஆம் தேதி இரண்டாம் சனி, 26-ஆம் தேதி நான்காம் சனி, இரண்டு நாளும் வங்கி கிடையாது. இடையில் உள்ள 19-ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வாக்குப்பதிவு, பொது விடுமுறை. ஆக, 5-ஆம் தேதிக்குப் பிறகு அந்த மாதத்தில் வங்கிக்கு ஏற்ற சனிக்கிழமையே இல்லை. வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கி டிஜிட்டல் உயிர்வாழ் சான்றைப் பதிந்துவிடுவார், கட்டணம் 70 ரூபாய். அஞ்சலகத்தில் சொல்லி வைத்தால் போதும்.

தேர்தல் முடியும்வரை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இருக்கும் வேலைகளையும் தள்ளிப்போட வேண்டியிருந்தது. 5-ஆம் தேதி வேட்பு மனு பரிசீலனை. அந்தப் பக்கம் போன எனக்குத் தெருவே தெரியவில்லை, கரைவேட்டிகள்தான் தெரிந்தன.

ரேஷன் கடையில் சொல்வதற்கு அதிகமில்லை. விரல் ரேகைக் கருவியில் வைப்பதற்கு முன் சானிடைசர் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், பாதிப் பேருக்கு ரேகை பதியாமல் போவது இதனால்தான் என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். வரிசையில் நிற்கும்போது எதிரே பனை மரம் இருந்தால் அதன் மட்டைகளுக்கிடையில் பாருங்கள். பிறைபோன்ற சிறகோடு உள்ளே போவதும் வெளியே பாய்வதுமாகப் பனை உழவாரன்கள் இருக்கும்.

முடிவெட்டும் கடைகளில் அப்போது இன்னும் பாதி இருக்கைதான் அனுமதி. ஆனாலும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை முடி வெட்டக் கூடாது என்று நம்புகிறவர்கள் நமக்கு வழி விட்டிருக்கிறார்கள். அதே நம்பிக்கையின் இன்னொரு கிளையாக, சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், பட்டியலில் இருந்த அரிவாள்மனை எட்டாவது வாரமாக அப்படியே இருக்கிறது. தையல் கடையில் சட்டையைக் கொடுத்துவிட்டு, கடை வாசல் செம்பருத்திச் செடியில் தையல்சிட்டைப் பார்த்தேன். இலையைத் தைத்துக் கூடு கட்டும் அதுவும் அதே தொழில்தான், இரண்டு வாரம் கழித்து வா என்று சொல்லாது.

கடைசியாக மீன்

பதினொன்றரைக்கு மேல் போனால் மீன் மிச்சம்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஞாயிறு திறந்திருப்பதால் சனிக்கிழமைக்கு இப்போது பரபரப்பு இல்லை. செவுள் சிவப்பாக, கண் குழியாமல், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் இருந்தால் எந்த மணிக்கு வாங்கினாலும் நல்ல மீன்தான். கடைக்கார அக்கா செவுளைத் தானே தூக்கிக் காட்டினார். ஜனவரியில் அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்ததில்லை. சுத்தம் செய்யும் இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் கரும்பருந்துகள் தாழப் பறந்துகொண்டிருக்கும், கூரை விளிம்பில் ஒரு மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருக்கும். இதற்கும் ஒரு பதினைந்து நிமிடப் பட்டியல் போடலாம்.

பன்னிரண்டரைக்கு வீடு. சாப்பிட்டுத் தூங்குங்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. நான்கரைக்கு எழுந்ததும் காலைப் பட்டியல்களைச் சரிபார்த்துப் பதியுங்கள். ஏரி, சுகாதார நிலையம், ரேஷன் கடை, மீன் கடை என்று இடத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே பதிய வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் அந்தத் தகவல் யாருக்கும் உதவாது. சந்தேகமான பறவைக்குப் பெயர் கொடுக்காதீர்கள். நான் ‘உள்ளான் வகை, 6’ என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் உலகம் முழுவதும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கு இதே பதினைந்து நிமிடப் பட்டியல்தான் தேவை. மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம். 2022-இல் அது பிப்ரவரி 18 முதல் 21 வரை, அதில் வந்த சனிக்கிழமைதான் வாக்குப்பதிவு நாள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வாக்களிக்கலாம், கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு என்று அறிவித்திருந்தார்கள். அதனால் விடியற்காலை ஏரி, எட்டரைக்கு வாக்குச்சாவடி என்று வைத்திருந்தேன். எங்கள் வாக்குச்சாவடிப் பள்ளியில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது, வரிசை நீளமாக இருந்தால் நல்லது. விரலில் மை காயும்வரை பைனாகுலரைத் தொட வேண்டாம்.